நீலாவதியோட நாலாவது பாட்டு

"இல்லண்ணே, போன வாரம் இந்த மாதிரி பாடலியே நீங்க"ன்னாரு லியோனார்ட்.

"இதேதான் பாடுனேன்."

"போன வாரம் பாட்டு மேல ஏறுச்சு. இன்னிக்கு எறங்குது."

"சளி பிடிச்சிருக்குப்பா. நீ ராகத்தப் புடிச்சுக்க."

பிரிஞ்சாங் டவுன்ல லியோனார்டுக்கு ஒரு சின்ன ரேடியோ கடை. ரிப்பேரும் பாப்பாரு, என்ன பாட்டு வேணும்னு சொன்னா இசைத்தட்டுல தேடி கேசட்டுல பதிஞ்சும் கொடுப்பாரு. சாதாரணமா ஜனங்க பாட்டோட மொத வரி சொல்லுவாங்க, படம் பேரு சொல்லுவாங்க. பக்கிரிசாமி கங்காணி ரெண்டும் சொல்லல. காக்கி கால்சட்டை, முழங்கால் வரைக்கும் இழுத்து விட்ட காலுறை, கக்கத்துல குடை, பெரிய மீசை. அந்த மீசைக்குள்ளேருந்து "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பாட்டுல ஒரு வார்த்தையாச்சும் ஞாபகம் இருக்காண்ணே?"

"தூரத்துலேருந்துதான் கேப்பேன். பனி வேற. கிட்டப் போனா நிறுத்திருவா."

"ஏன்?"

"வெக்கம்தான். வேற என்ன."

லியோனார்டுக்கு மேல கேக்க மனசு வரல. கங்காணியோட பெண்டாட்டி நீலாவதி தீபாவளிக்கு முன்னாடி நெஞ்சு வலின்னு படுத்தவங்க, எந்திரிக்கல. அதுலேருந்து கங்காணி சரியா சாப்பிடறது இல்ல. கம்போங் ராஜாவுல கட்டிக் கொடுத்த மக, "எங்ககூட வந்து இருங்கப்பா"ன்னு கூப்பிட்டுப் பாத்தா. சிநேகிதனுங்க போத்தல் காட்டுனாங்க. கோயில் பண்டாரம் ஏதோ விரதம் சொன்னாரு. எதுலயும் ஒண்ணும் ஆகல.

கங்காணிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நீலாவதி மலையில பாடுன நாலு பாட்டும் ஒரு கேசட்டுல வேணும். அதுவும் முக்கியமா அந்த நாலாவது பாட்டு.

நீலாவதி வீட்டுல பாடவே மாட்டாங்க. தேயிலை மலையில, கொழுந்து எடுக்கும்போதுதான் பாடுவாங்க. கங்காணி பாக்குற கூட்டத்துலயேதான் அவங்களுக்கும் வேலை. செடி வரிசைய நெரைன்னு சொல்லுவோம். தெனம் காலையில ஆளுக்கு ஒரு நெரை பிரிச்சுக் கொடுக்கும்போது, "எனக்கு வளைவு ஓரத்து நெரை"ன்னு மொத ஆளா கேட்டு வாங்கிக்குவாங்க. மண் ரோடு திரும்புற எடம் அது. காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். யாரும் விரும்ப மாட்டாங்க.

"ஏன் புள்ள அந்தக் குளுருல போய் நிக்கிற?"ன்னு இவரு கேட்டா, "நீங்க வர்றத பாக்கலாம்ல"ம்பாங்க.

இவரு மத்த மலையெல்லாம் சுத்திட்டு அந்த வளைவுல ஏறுவாரு. பனிக்குள்ள இவரு குடை தெரிஞ்சதும் மேலேருந்து அந்தப் பாட்டு கெளம்பும். கல்யாணமான புதுசுல ஆரம்பிச்சது. மக பொறந்து, மகளுக்குக் கல்யாணமாகி, இவருக்கு மீசை நரைச்சும் நிக்கல. ஒரு பொம்பள புருஷனப் பாத்த ஒடனே பாட்டு பாடுறான்னா அதுக்கு மேல என்ன வேணும்? வெளிய சொல்ல மாட்டாரு. கங்காணி பாருங்க. கண்டிப்பான ஆளு. "நான் வர்றேன்னாலே மலை நடுங்கணும்"னு சொல்லிக்கிட்டுத் திரியுற ஆளு.

ஆனா அது எப்படியோ, இவரு வளைவு ஏறிப் போற நேரமெல்லாம் பொம்பளைங்க உக்காந்து வெத்தலை போடுற நேரமாவே இருக்கும்.

"ஏய்! என்ன இங்க சந்தையா நடக்குது?"

"இப்பத்தான் உக்காந்தோம் கங்காணி"ம்பாங்க. நீலாவதி ஒரு வெத்தலைய மடிச்சு நீட்டுவாங்க. திட்டிக்கிட்டே வாங்கிப் போட்டுக்குவாரு.

மத்த மூணு பாட்டும் லியோனார்டுக்குச் சுலபமா கெடைச்சிருச்சு. வேகமான பாட்டு ஒண்ணு, முருகன் பாட்டு ஒண்ணு, சோகப் பாட்டு ஒண்ணு. நாலாவதுதான் மாட்டல. அப்ப உள்ளேருந்து லியோனார்டோட மனைவி பவுலின் கோப்பி எடுத்துக்கிட்டு வந்தாங்க.

"இன்னொரு தடவ பாடுங்கண்ணே"ன்னாங்க.

கங்காணி இழுத்தாரு.

"ஐயோ, இது எனக்குத் தெரியுமே! ஒரு பொண்ணு வாசல்ல நின்னு, மாப்பிள்ளை எப்ப வருவாருன்னு ரோட்டையே பாத்துக்கிட்டுப் பாடுவாளே. வீட்டுல எல்லாரும் தூங்கப் போயிருவாங்க, இவ மட்டும் நிப்பா. அந்தப் பாட்டுதான்."

கங்காணி கோப்பியக் கீழ வச்சாரு.

"மாப்பிள்ளை வர்ற ரோட்டையா?"

"ஆமாண்ணே."

"வளைவு ஓரத்துல நின்னு..."ன்னு என்னமோ சொல்ல ஆரம்பிச்சு, பாதியில ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. லியோனார்ட் உள்ள போயி ரொம்ப நேரம் இசைத்தட்டத் தேடுற மாதிரி சத்தம் பண்ணுனாரு.

கேசட்டு தயார். நாலு பாட்டு போக மிச்ச எடத்துல வேற என்ன போடலாம்னு லியோனார்ட் கேட்டாரு.

"இதே நாலுதான். திரும்பத் திரும்பப் போடு."

"போரடிக்கும்ண்ணே."

"எனக்கா?"

லியோனார்ட் மொத இசைத்தட்ட மறுபடி எடுத்து வச்சாரு.

அன்னிக்கு ராத்திரி லைன் வீட்டுல போட்டுக் கேட்டாரு. லைன் வீடுன்னா தெரியும்ல, வரிசையா ஒட்டி இருக்கும், நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டுல தும்முனா அடுத்த வீட்டுக்காரன் மூக்கத் தொடைப்பான். பக்கத்து வீடு காளியம்மா. அதே கூட்டத்துல கொழுந்து எடுக்குறவங்கதான், புருஷன் இல்லாதவங்க.

வேகமான பாட்டு ஆரம்பிச்சதும் அந்தப் பக்கம் ஒரு தட்டு ஒடைஞ்சுது. முருகன் பாட்டுக்கு யாரோ வேகமா எதையோ துப்புற சத்தம். சோகப் பாட்டு வந்ததும் காளியம்மா பின்வாசலத் தொறந்துக்கிட்டு ஓடி, கொடியில காஞ்ச துணியெல்லாம் அள்ளிக்கிட்டு உள்ள வந்தாங்க. வானத்துல நட்சத்திரம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு.

மறுநாள் காலையில வாசல்ல வந்து நின்னாங்க.

"அண்ணே, அந்தக் கேசட்ட வீட்டுல போடாதீங்க."

"ஏன், சத்தம் ஜாஸ்தியா?"

"சத்தம் இல்லண்ணே. படபடன்னு வருது. சோறு எறங்கல."

கங்காணிக்கு நெஞ்சு நெகிழ்ந்து போச்சு. "உனக்கும் அவ ஞாபகமா?"

காளியம்மா முந்தானைய இழுத்துச் சொருகுனாங்க. "அப்படியே வச்சுக்குங்கண்ணே."

"அவ என்னென்ன பாடுவான்னு உனக்கு நல்லாத் தெரியும்ல? வேற ஏதும் பாட்டு விட்டுப்போச்சா?"

"பாட்டா? எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ பாடுனாளா என்ன?"ன்னு சொல்லிட்டு காளியம்மா விறுவிறுன்னு போயிட்டாங்க.

பாவம், துக்கத்துல ஞாபகசக்தி போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு கங்காணி. வீட்டுல வேணாம், இவங்க நிம்மதி கெடுது. மலைக்குக் கொண்டு போயிருவோம். அவ பாடுன எடத்துலயே கேக்கட்டும்னு முடிவு பண்ணுனாரு.

அங்கதான் தப்பு நடந்துச்சு.

ரேடியோவ துண்டால கட்டித் தோள்ல மாட்டிக்கிட்டு, வளைவு ஓரத்துல ஒரு மரக்கிளையில தொங்கவிட்டாரு. வேகமான பாட்டு போச்சு. குனிஞ்சு நின்ன பொம்பளைங்க எல்லாம் வெடுக்குன்னு நிமிந்தாங்க. ரோட்டப் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு கையும் தெரியாத வேகத்துல கொழுந்து பறிச்சாங்க. பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. முருகன் பாட்டு வந்துச்சு. எல்லாரும் வாயில இருந்த வெத்தலையத் துப்பிட்டு, தலைத்துணிய சரி பண்ணிக்கிட்டு, கூடைய நேரா வச்சுக்கிட்டாங்க. சாமி பாட்டுல, மரியாதை. சோகப் பாட்டு வந்துச்சு. பளபளன்னு வெயிலு. அத்தனை பேரும் இடுப்புல சொருகியிருந்த பிளாஸ்டிக்க எடுத்துத் தலையில முக்காடு போட்டுக்கிட்டாங்க.

அழுவுறது தெரியக்கூடாதுன்னு மறைச்சுக்கிறாங்கன்னு கங்காணி மூக்க உறிஞ்சுனாரு.

நாலாவது பாட்டு வந்துச்சு. மாப்பிள்ளை வர்ற ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிற பொண்ணோட பாட்டு.

அத்தனை பேரும் உக்காந்துட்டாங்க.

சும்மா உக்காரல. கால நீட்டி, கூடைய எறக்கி வச்சு, சுண்ணாம்பு டப்பாவத் தொறந்து உக்காந்தாங்க. ரஞ்சிதம்னு ஒருத்தி, வாயாடி, ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூட ஆரம்பிச்சிட்டா.

கங்காணிக்குச் சுருக்குன்னு தெச்சுது. வேகப் பாட்டுக்கு வேலை, சாமி பாட்டுக்கு மரியாதை, சோகப் பாட்டுக்குக் கண்ணீரு. என் பெண்டாட்டி எனக்காகப் பாடுன பாட்டுக்கு மட்டும் வெத்தலையா?

"ஏய்! எந்திரிங்க!"

"இப்பத்தான் உக்காந்தோம் கங்காணி."

"பாட்டு ஓடுதுல்ல?"

"அதான் உக்காந்தோம்"னு ரஞ்சிதம் சொல்ல, காளியம்மா அவ தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனாங்க.

அந்த நேரம் பாத்து, தோட்டத்துக் கணக்குப் பாக்குற ராதாகிருஷ்ணன் கிராணி மோட்டார் சைக்கிள்ல வந்து எறங்குனாரு. மலை பூரா உக்காந்திருக்கு. இவங்க யாரும் மோட்டார் சத்தத்தக்கூட கவனிக்கல. நிம்மதியா இருந்தாங்க. கிராணி கத்துன கத்துல சுண்ணாம்பு டப்பாவெல்லாம் உருண்டு ஓடுச்சு.

"என்ன கங்காணி இது? பல மாசமா பாக்கறேன், நான் எப்ப வந்தாலும் மாட்டிக்கிறாளுங்க. முன்னாடியெல்லாம் நான் வரும்போது எவ்வளவு ஒழுங்கா வேலை நடக்கும்!"

"நீலாவதி போனதுலேருந்து இவங்களுக்கு மனசே சரியில்லங்க. கவனம் எங்கயோ இருக்கு"ன்னாரு கங்காணி. அத்தனை பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

கிராணி போனதும் பொம்பளைங்க கங்காணி மேல பாஞ்சாங்க.

"உங்க கேசட்டாலதான் மாட்டுனோம்!"

"பாட்டு என்ன பண்ணுச்சு உங்கள?"

ரஞ்சிதம் மட்டும், "அந்தப் பாட்டு வந்தா யாரும் வரக்கூடாது, அதான் வழக்கம்"னு முணுமுணுத்தா. கங்காணிக்குப் புரியல. துக்கத்துல ஏதோ ஒளறுதுன்னு விட்டுட்டாரு.

ஆனா சாயங்காலம் கொழுந்து நிறுவையில கிராணிக்கு ஆச்சரியம். கூடைங்க நெறைஞ்சு வழியுது. என்னன்னு விசாரிச்சா, பாட்டுன்னாங்க. நேரா தோட்டத்து மேனேஜர் துரைகிட்டப் போயி சொன்னாரு. துரை கோலாலம்பூர்லேருந்து புதுசா வந்தவரு. புது யோசனைன்னா அவருக்கு ஒரே ஆசை.

மறுநாள் ஜீப்புல வந்து தானே கேட்டாரு. வேகமான பாட்டு ஓடுச்சு. பொம்பளைங்க வேலை செஞ்ச வேகத்துல செடி ஆடுச்சு.

"பாகுஸ்!"னு கை தட்டுனாரு துரை. "ரொம்ப நல்லா இருக்கு! கங்காணி, உன் யோசனையா?"

"யோசனை இல்லங்க துரை. எம் பொண்டாட்டி ஞாபகமா..."

"ஸ்பீக்கர் வச்சிரலாம். மலை பூரா கேக்கணும். ஹெட் ஆபீஸ்லேருந்து அடுத்த வாரம் ஆளுங்க வர்றாங்க, காட்டணும்."

அப்ப நாலாவது பாட்டு ஆரம்பிச்சுது. துரை எதுருலயே ரெண்டு பேரு உக்காரப் போயி, அவரு மூஞ்சியப் பாத்துட்டுப் பாதியில எந்திரிச்சாங்க. மத்தவங்க கையெல்லாம் தானா மெதுவாயிருச்சு.

"இந்த ஸ்லோ பாட்டு வேணாம். எடுத்துரு."

கங்காணி குடைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "துரை, மத்த மூணையும் எடுத்துருங்க. இது மட்டும் இருக்கட்டும்."

"வேலை நிக்குது பாத்தியா?"

"இந்தப் பாட்டுக்காகத்தான் துரை கேசட்டே."

"எடுத்துரு"ன்னுட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

கங்காணி மறுபடி பிரிஞ்சாங் பஸ்ஸு ஏறுனாரு. லியோனார்ட் விஷயத்தக் கேட்டாரு, காதுக்குப் பின்னால பென்சில சொருகிக்கிட்டாரு.

"அலாமாக், இதுக்குப் போயி கலங்கலாமா? கேசட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குலா. ஒரு பக்கம் துரைக்கு, மூணு பாட்டு மாத்தி மாத்தி. இன்னொரு பக்கம் பூரா உங்க பாட்டு. துரை பக்கத்த மலையில போடுங்க, உங்க பக்கத்த வீட்டுல கேளுங்க. சரியா?"

சரியாத்தான் இருந்துச்சு. ஒரு வாரம். மலையில ஸ்பீக்கர் கத்துச்சு, பொம்பளைங்க ஓடா தேஞ்சு போனாங்க. வேகம், துப்பு, முக்காடு. வேகம், துப்பு, முக்காடு. ரஞ்சிதத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு, ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்ததுல. ராத்திரியில கங்காணி நாலாவது பாட்டப் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டாரு. பல மாசத்துக்கப்புறம் ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டது அப்பத்தான். சுவத்துக்கு அந்தப் பக்கம் காளியம்மாவும் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல. கால நீட்டிக்கிட்டு உக்காந்து கேட்டாங்க.

ஹெட் ஆபீஸ் ஆளுங்க வந்த அன்னிக்கு ஸ்பீக்கர் பக்கத்துல கிராணிதான் நின்னாரு. கங்காணிய வளைவுக்குப் போகச் சொல்லிட்டாங்க, வந்தவங்களுக்கு மலைய காட்டறதுக்கு. ரெண்டு காரு, ஒரு ஜீப்பு. கோட்டு போட்ட பெரிய மனுஷன் ஒருத்தரு. வேகமான பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு, மலை பறந்துச்சு. துரை மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்.

"பாருங்க சார். பாட்டுதான். வேற ஒண்ணும் இல்ல."

அப்ப கேசட்டு ஒரு பக்கம் முடிஞ்சு 'டக்'குன்னு நின்னுச்சு. கிராணி என்ன பண்ணுவாரு? முடிஞ்சா திருப்பித்தானே போடணும். திருப்பிப் போட்டாரு.

நாலாவது பாட்டு.

வாரம் பூரா ஓடுன ஓட்டத்துல பொம்பளைங்களுக்கு யோசிக்கக்கூட தெம்பு இல்ல. காதுல விழுந்துச்சு, காலு மடிஞ்சிருச்சு. வளைவுலேருந்து வரிசையா உக்காந்தாங்க. 'அப்பாடா'ன்னு ஒரு பெருமூச்சு மலையிலேருந்து எறங்கி வந்துச்சு.

கிராணி பாத்தாரு. சத்தம் பத்தல போலன்னு நெனச்சு ஸ்பீக்கர முழுசாத் திருப்பிவிட்டாரு. இப்ப கீழ்ச்சரிவுல இருந்தவங்களுக்கும் கேட்டுச்சு. அவங்களும் உக்காந்தாங்க.

"நிறுத்துங்க கிராணி!"ன்னு கங்காணி மேலேருந்து கையக் காட்டுனாரு. கிராணிக்கு அது 'இன்னும் ஏத்து'ன்னு பட்டுச்சு. ஆனா ஏத்த எடம் இல்ல.

கோட்டு போட்டவரு செடிங்களுக்கு நடுவுல நடந்து வந்தாரு. முதுகக் காட்டி உக்காந்திருந்த காளியம்மாவுக்குப் பின்னால காலடிச் சத்தம் கேட்டுச்சு. அந்தப் பாட்டுக்குப் பின்னால வர்ற காலடி யாருதுன்னு அவங்களுக்குத் தெரியும். திரும்பிக்கூடப் பாக்கல. வெத்தலைய மடிச்சு, தோளுக்கு மேல கைய நீட்டுனாங்க.

"இந்தாங்க, திட்டறத அப்புறம் திட்டிக்கலாம்."

பெரிய மனுஷன் வாங்கிக்கிட்டாரு. பாவம், வேற என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியல.

காருங்க போனதும் துரை ஸ்பீக்கர்கிட்ட நடந்து போனாரு. கேசட்ட உருவி எடுத்துத் தன் ஜேப்புல போட்டுக்கிட்டாரு.

"நாளையிலேருந்து ரேடியோவோ கேசட்டோ மலையில பாத்தேன்னா, கங்காணி வேலை வேற ஆளுக்கு."

"துரை, அது எம் பொண்டாட்டியோட..."

"புரியுதா?"

"புரியுதுங்க."

அன்னிக்கு ராத்திரி பக்கத்து வீட்டுக்குச் சத்தமே கேக்கல. கங்காணி சோறும் வைக்கல. காளியம்மா ரெண்டு தடவ சுவத்தத் தட்டுனாங்க. "அண்ணே, கொழம்பு கொண்டாரவா?"ன்னாங்க. கங்காணி வெளக்க அணைச்சாரு.

மறுநாள் காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு ஆளுங்கள அனுப்பும்போதும் யார் மூஞ்சியையும் அவரு பாக்கல. யாரு எந்த நெரைன்னுகூடச் சொல்லல, "நீங்களே பிரிச்சுக்குங்க"ன்னுட்டாரு. மத்த மலையெல்லாம் சுத்திட்டு வளைவுக்கு வரும்போது பனி நல்லா எறங்கியிருந்துச்சு. குடைய விரிச்சுக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஏறுனாரு.

மேலேருந்து பாட்டு கேட்டுச்சு.

நாலாவது பாட்டு.

கங்காணிக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் காதக் குடுத்துக் கேட்டாரு. நீலாவதி குரல் இல்ல அது. குளுருல ஸ்டார்ட் ஆகாத லோரி மாதிரி ஒரு குரலு. ராகம் ஒரு பக்கம் போச்சு, பாட்டு ஒரு பக்கம் போச்சு. விறுவிறுன்னு ஏறிப் போனாரு.

நீலாவதியோட நெரையில ரஞ்சிதம் நின்னுக்கிட்டு இருந்தா. கழுத்துல சுளுக்குக்குக் கட்டுன துண்டு. இவரக் கண்டதும் பாட்ட நிறுத்திட்டா. அவளுக்குப் பின்னால பாத்தாரு. அத்தனை பேரும் உக்காந்திருந்தாங்க. கால நீட்டி, கூடைய எறக்கி வச்சு, வெத்தலையோட.

இவ்வளவு நாளா உள்ள இருந்ததெல்லாம் பொங்கிருச்சு.

"என்ன நக்கலா? செத்தவள வச்சு வெளையாடறீங்களா?"

"ஐயோ இல்ல கங்காணி..."

"வேகப் பாட்டுக்கு ஓடுறீங்க! சாமி பாட்டுக்கு மரியாதை! சோகப் பாட்டுக்கு முக்காடு! எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இது அவ எனக்காகப் பாடுன பாட்டு. என்னைப் பாத்தாத்தான் பாடுவா. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஏன் உக்காருறீங்க? அப்படி என்ன பண்ணிட்டோம் நானும் அவளும் உங்களுக்கு?"

காளியம்மா வாயில இருந்ததத் துப்பிட்டு ரஞ்சிதத்தப் பாத்தாங்க.

"சொல்லிறலாமாடி?"

"சொல்லுக்கா. இனிமே என்ன இருக்கு மறைக்க."

காளியம்மா எந்திரிச்சு வந்தாங்க.

"அந்த வேகமான பாட்டு, துரை ஜீப்பு வருதுன்னு அர்த்தம். முருகன் பாட்டு, கிராணி மோட்டாரு. சோகப் பாட்டு, மழை வருது. வளைவுல நின்னா அவளுக்குத்தான் எல்லாம் மொதல்ல கண்ணுல படும். பாடுவா. நாங்க சுதாரிச்சுக்குவோம். அவ போனதுலேருந்து தெனம் மாட்டிக்கிறோம். அதான் இன்னிக்கு இவள நிறுத்திப் பழக்குறோம்."

கங்காணி அப்படியே தண்ணி ஓடுற கான் ஓரத்துல உக்காந்துட்டாரு. குடை சரிஞ்சு மண்ணுல விழுந்துச்சு. யாரும் எடுக்கல.

மாப்பிள்ளை இல்ல. ரோட்டப் பாத்து நின்ன பொண்ணு இல்ல. வெக்கம் இல்ல. ஜீப்பு, மோட்டாரு, மழை. அந்த வரிசையில இவரும் ஒண்ணு.

"அப்ப நாலாவது பாட்டு..." மீசையத் தடவிக்கிட்டாரு. "நான் வர்றேன்னு. என்னைப் பாத்து எல்லாரும் சுதாரிச்சுக்கணும்னு. இத்தன வருஷமா."

"உங்களப் பாத்தா? சுதாரிக்கவா?"

காளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே முந்தானையில கண்ணத் தொடைச்சாங்க. கீழ கெடந்த குடைய எடுத்து மண்ணத் தட்டி அவரு கையில கொடுத்தாங்க.

"நாங்க உக்காருறதப் பாத்துமா தெரியல உங்களுக்கு? 'எந்திரிக்காதீங்கடி, வர்றது எங்க வீட்டுக்காரருதான், அவருக்கும் சேத்து ஒரு வெத்தலைய மடிங்க'ன்னு அர்த்தம்ண்ணே அதுக்கு."